மண்மூட்டைக் கட்டுமானத்தில் கூண்டுக்கூரை: அமைப்பியல் எல்லைகளும் மாற்று வழிகளும்

ஆய்வுச் சுருக்கம்

மண் நிரப்பிய மூட்டைகளை அடுக்கிக் கட்டும் முறை, குறைந்த செலவிலான வீடுகளுக்கும் பேரிடர்க்கால உறைவிடங்களுக்கும் ஏற்றதெனப் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. இம்முறையில் குவிமாடங்கள் சிறப்பாக அமைந்துள்ளன. அவ்வெற்றியை முன்வைத்து, நீள்சதுர அறைகளின் மேல் கூண்டு வடிவக் கூரையையும் அதே மூட்டைகளால் எளிதில் கட்டலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. குவிமாடத்தை நிறுத்தும் விசை அமைப்பு கூண்டுக்கூரையில் இல்லை என்பதையும், அதனால் மூட்டைக் கூண்டுக்கூரை குறுகிய அகலத்திற்கும் தாங்கு சட்டகத்திற்கும் கட்டுப்பட்டது என்பதையும் இக்கட்டுரை எளிய கணக்கீடுகளின் வழி விளக்குகிறது. நுபிய முறையுடனான ஒப்பீடும் நடைமுறைக்கு உகந்த மாற்று வழிகளும் தரப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மண்மூட்டை, கூண்டுக்கூரை, குவிமாடம், உதைப்பு, முள்கம்பி, நுபிய வளைவு

முன்னுரை

மரமும் இரும்பும் அரிதான நிலப்பகுதிகளில் சுவரை மண்ணால் எழுப்புவது கடினமன்று; கூரையே சிக்கலாகிறது. உத்தரமின்றி, மண்ணை மட்டும் கொண்டு ஓர் அறையை மூட வேண்டுமெனில் அதை வளைவாக மூடுவதே வழி. மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. வளைந்த கூரையில் எடை பெரும்பாலும் அமுக்கமாகவே கீழிறங்குவதால், மண்ணின் இக்குறை அங்குப் பெரிதும் வெளிப்படுவதில்லை. எகிப்து, ஈரான், ஈராக் ஆகிய நாடுகளின் பழைய மண்கட்டடங்கள் இவ்வுண்மையின் மேல் நிற்பவை.

மண்மூட்டைக் கட்டுமானமும் இந்த மரபின் தொடர்ச்சியாகவே அறிமுகப்படுத்தப்பட்டது. எனினும், ‘மண் வளைவாக நிற்கும்’ என்பதிலிருந்து ‘மண்மூட்டையும் எந்த வளைவாகவும் நிற்கும்’ என்று முடிவு செய்ய இயலாது. ஒரு மீட்டர் நீளத்திற்குப் பல டன் எடையுள்ள கூரையின் கீழ் மக்கள் உறங்கப் போகிறார்கள் என்பதால் இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொல் தெளிவு

தமிழில் ‘வளைவுக்கூரை’, ‘வளைந்த கூரை’ ஆகிய சொற்கள் இருவேறு வடிவங்களையும் பொதுவாகக் குறிக்க வல்லவை. ஒன்று, கவிழ்த்த பானையைப் போன்று எல்லாத் திசைகளிலும் வளைந்து ஓர் உச்சியில் கூடுவது. இக்கட்டுரையில் இது குவிமாடம் எனப்படுகிறது. மற்றொன்று, கூண்டு வண்டியின் மேற்கூடு போன்று ஒரு திசையில் மட்டும் வளைந்து மறுதிசையில் நேராக நீள்வது. இது இங்குக் கூண்டுக்கூரை எனப்படுகிறது. ஒரு வாயிலின் மேலமையும் தனி வளைவு வில்வளைவு எனப்படும். வில்வளைவை நீளவாட்டில் இழுத்தால் கூண்டுக்கூரையும், அதன் நடு அச்சைச் சுற்றிச் சுழற்றினால் குவிமாடமும் பிறக்கும்.

வடிவம் வேறு, விசை அமைப்பு வேறு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மாமல்லபுரத்துப் பீம இரதத்தின் மேற்பகுதி கூண்டு வடிவினது. ஆனால் அது ஒரே பாறையில் குடையப்பட்டதால், பல துண்டுகள் ஒன்றையொன்று அழுத்தி நிற்கும் கூண்டுக்கூரையாக அது இயங்கவில்லை. கி.பி. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம், ஒவ்வொரு கல்லடுக்கும் கீழடுக்கைவிடச் சற்று உள்நோக்கி நீளுமாறு கிடைமட்டமாக அடுக்கி மூடப்பட்டது. இந்த நீட்டடுக்கு முறையே மண்மூட்டைக் குவிமாடத்திற்கும் அடிப்படை என்பதால் இவ்வெடுத்துக்காட்டு பயன்படும்.

மண்மூட்டைக் கட்டுமானத்தின் தோற்றமும் முறையும்

வெள்ளத் தடுப்பிலும் போர்க்களத்திலும் பயன்பட்ட மணல்மூட்டைகளை நிலையான கட்டடத்திற்குப் பயன்படுத்தும் ஆய்வுகள் 1970களில் வலுப்பெற்றன. செருமனியின் காசல் பல்கலைக்கழகத்தில் கெர்னோட் மின்கே இத்தகைய சோதனைகளை மேற்கொண்டார். ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதிர் கலிலி (1936–2008), நிலவில் உறைவிடம் அமைப்பது குறித்து 1984இல் நாசா தொடர்பான கருத்தரங்கில் தம் எண்ணங்களை முன்வைத்தார். பின்னர் 1991இல் கலிபோர்னியாவின் எசுபீரியாவில் கால்-எர்த் நிறுவனத்தைத் தொடங்கி, நீண்ட குழாய் வடிவப் பைகளில் மண் நிரப்பி முள்கம்பியுடன் சுற்றும் ‘சூப்பர் அடோபி’ முறையைச் செப்பமாக்கினார். இவரது மணல்மூட்டை உறைவிட வடிவமைப்புக்கு 2004இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. ஈரானின் கூசித்தான் மாநிலத்தில் 1995இல் ஏதிலியருக்காக எழுப்பப்பட்ட உறைவிடங்கள் இம்முறையைச் சார்ந்தவை. அவை குவிமாடங்கள் என்பது இங்கு நோக்கத்தக்கது.

கட்டும் முறை வருமாறு: அரிசி, உரம் முதலியவற்றுக்குப் பயன்படும் பாலிபுரொப்பிலீன் சாக்குகளில், ஈரப்பதமான மண் நிரப்பப்படும். களிமண் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காடும் எஞ்சியது மணலுமாக உள்ள கலவை விரும்பப்படுகிறது. தேவைக்கேற்பச் சிமெண்டோ சுண்ணாம்போ சிறிதளவு சேர்க்கப்படும். மூட்டையைக் கிடத்தித் திமிசுக்கட்டையால் இடித்துத் தட்டையாக்கிய பின், அதன்மேல் இரு வரிசை முள்கம்பி விரித்து அடுத்த அடுக்கு வைக்கப்படும். இடித்த மூட்டை, அளவைப் பொறுத்து, சுமார் 38 செ.மீ. அகலமும் 50 செ.மீ. நீளமும் 13 செ.மீ. உயரமும் கொண்டிருக்கும். இறுகிய மண்ணின் எடையைக் கன மீட்டருக்கு 1,800 கிலோ எனக் கொண்டால் ஒரு மூட்டை 40 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அடித்தளத்தில் நீர் ஏறாதிருக்கச் சரளைக்கல் நிரப்பிய மூட்டைகள் இடப்படும்.

இங்கு முள்கம்பியின் பணி இருவகைப்பட்டது. அதன் முட்கள் மேல், கீழ் மூட்டைகளைக் குத்திப் பிடித்துச் சறுக்கலைத் தடுக்கின்றன. கம்பியோ மண்ணுக்கு இல்லாத இழுவிசைத் தாங்குதிறனைச் சுவரின் நீளவாட்டில் அளிக்கிறது. ‘நீளவாட்டில்’ என்ற சொல்லின் முக்கியத்துவம் பின்னர்ப் புலனாகும்.

குவிமாடம் நிற்கும் விதம்

மண்மூட்டைக் குவிமாடத்தில் ஒவ்வோர் அடுக்கும் கிடைமட்டமான ஒரு முழு வட்டம். அளவுகோலாக இரு கயிறுகளோ சங்கிலிகளோ பயன்படுகின்றன. நடுவிலுள்ளது வட்டத்தைச் சரிபார்க்கும். எதிர்ப்பக்கச் சுவரின் அடியில் கட்டப்பட்டது, விட்டத்திற்குச் சமமான நீளத்துடன், உயரத்திற்கேற்ற உள்நீட்டலைக் காட்டும். இதனால் கூரான வளைவு கிடைக்கிறது. உள்விட்டம் 3 மீட்டர் எனில் உச்சி உயரம் ஏறத்தாழ 2.6 மீட்டர்.

இவ்வளைவில் ஓரடுக்கு அதன் கீழடுக்கைவிட எவ்வளவு உள்நோக்கி நீள்கிறது எனக் கணக்கிடலாம். 1 மீட்டர் உயரத்தில் அது 5 செ.மீ.க்கும் குறைவு. 2 மீட்டரில் சுமார் 12 செ.மீ. 2.5 மீட்டரில் சுமார் 20 செ.மீ., அதாவது மூட்டை அகலத்தில் பாதிக்கும் மேல். தனி மூட்டையாயின் அது கவிழ்ந்துவிடும். குவிமாடத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. உள்நோக்கிச் சாயும் ஒவ்வொரு மூட்டையும் தன் இருபுறத்து மூட்டைகளை நெருக்குகிறது. வட்டம் சுருங்க இயலாததால் அவ்வடுக்கு முழுவதும் ஒரு வளையமாக இறுகுகிறது. மேலே செல்லச் செல்ல நீட்டல் மிகும். வளையமும் சிறுத்து நெருக்கம் வலுக்கும்.

கீழ் அடுக்குகளில் இதற்கு மாறான போக்கு உண்டு. மேலுள்ள எடை அவற்றை வெளிநோக்கித் தள்ளும். அப்போது வட்டத்தைச் சுற்றி ஓடும் முள்கம்பி பீப்பாயின் இரும்புப் பட்டையைப் போல அவற்றை இறுக்கிப் பிடிக்கிறது. ஆகவே குவிமாடத்தில் மேற்பகுதியை வளைய நெருக்கமும் கீழ்ப்பகுதியைக் கம்பியின் இழுவலிமையும் காக்கின்றன. கட்டும்போதும் தாங்கு சட்டகம் தேவையில்லை. முற்றுப்பெற்ற ஒவ்வொரு வளையமும் தன்னைத்தானே தாங்கிக்கொள்கிறது.

கூண்டுக்கூரையில் எழும் சிக்கல்

இதே குறுக்குவெட்டு வடிவத்தை நீளவாட்டில் இழுத்துக் கூண்டுக்கூரையாக்கினால் நிலைமை மாறுகிறது. அடுக்குகள் இப்போது வட்டங்களல்ல, நேர்கோடுகள். உள்நோக்கிச் சாயும் மூட்டை தன் பக்கத்து மூட்டையை நெருக்குவதில்லை. இரண்டும் சேர்ந்தே சாய்கின்றன. கம்பியும் அறையின் நீளத்திற்கு இணையாக ஓடுகிறது. சாய்வோ அதற்குக் குறுக்கான திசையில் நிகழ்கிறது. எனவே குவிமாடத்தைக் காத்த இரு காப்புகளும் இங்குப் பயன்தரவில்லை.

3 மீட்டர் அகலமுள்ள அறையின் இருபுறமும், மேற்கூறிய அதே கூர்வளைவில், 38 செ.மீ. அகல மூட்டைகளை நீட்டடுக்கு முறையில் எழுப்புவதாகக் கொள்வோம். எந்த உயரத்தில் மேலுள்ள மூட்டைகளின் எடைமையம், அவற்றைத் தாங்கும் அடுக்கின் உள்விளிம்பைத் தாண்டுகிறதோ அங்கே அப்பக்கம் உள்நோக்கிக் கவிழத் தொடங்கும். கம்பியின் பிடிப்பையும் பூச்சையும் விலக்கிக் கணக்கிட்டால் அந்த உயரம் ஏறத்தாழ 1.7 மீட்டர் ஆகும். அந்நிலையில் இருபக்கங்களுக்கும் இடையே இன்னும் 1.9 மீட்டர் இடைவெளி மூடப்படாதிருக்கும். அதாவது கூரையின் பெரும்பகுதி எஞ்சியிருக்கும்போதே அது தானாக நிற்கும் ஆற்றலை இழக்கிறது. ஆதலின் நீட்டடுக்கு முறையில் கூண்டுக்கூரையைச் சட்டகமின்றி நிறைவுசெய்வது, மிகக் குறுகிய அகலங்களில் அன்றி, இயலாததாகும்.

எடையும் உதைப்பும்

நீட்டடுக்கைக் கைவிட்டு, வில்வளைவைப் போல மூட்டைகளை ஆரத்திசையில் வைத்து, சட்டகத்தின்மேல் கூரையை முடித்தாலும் மற்றொரு சிக்கல் எஞ்சுகிறது. தொங்கும் சங்கிலியின் வடிவத்தைக் கவிழ்த்தால் அதுவே அமுக்கத்தில் மட்டும் நிற்கும் வளைவாகும் என்னும் உண்மையை இராபர்ட் ஊக் 1675இல் எழுத்துப்புதிராக வெளியிட்டார். அவ்வடிவத்திற்கு நெருங்கிய, 3 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் எழுச்சியும் கொண்ட ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். அதன் வளைவு நீளம் சுமார் 4.4 மீட்டர்.

கூரையின் தடிமன் 35 செ.மீ. எனில், ஒரு மீட்டர் நீளத்தின் எடை ஏறத்தாழ 2,800 கிலோ. அதாவது 60க்கும் மேற்பட்ட மூட்டைகள். அதே வளைவை 12 செ.மீ. தடிமனுள்ள மண்கல்லால் கட்டினால் எடை ஏறத்தாழ 960 கிலோ மட்டுமே. கிடைத்திசை உதைப்பு, மொத்த எடையை அகலத்தால் பெருக்கி எழுச்சியின் எட்டு மடங்கால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். அதன்படி மீட்டருக்கு மூட்டைக் கூரையின் உதைப்பு 700 கிலோ. மண்கல் கூரையின் உதைப்பு 240 கிலோ.

இக்கூரை 1 மீட்டர் உயரமும் 38 செ.மீ. தடிமனும் உள்ள மூட்டைச் சுவரின் நடுக்கோட்டில் அமர்வதாகக் கொண்டால், சுவரின் அடியை அடையும்போது விசைக்கோடு நடுக்கோட்டிலிருந்து சுமார் 34 செ.மீ. வெளியே நகர்ந்திருக்கும். சுவரின் வெளிவிளிம்போ நடுக்கோட்டிலிருந்து 19 செ.மீ. தொலைவில்தான் உள்ளது. எனவே முட்டுச்சுவர் இல்லையேல் சுவர் வெளிப்புறம் கவிழும். மண்கல் கூரையில் இந்நகர்வு சுமார் 21 செ.மீ. அதற்கும் முட்டு வேண்டும். ஆனால் அளவில் மிகச் சிறியது போதும். சுவரின் உயரம் கூடக்கூட இரு நிலைகளிலும் தேவை மிகும்.

நுபிய முறையும் மண்மூட்டையும்

சட்டகமின்றிக் கூண்டுக்கூரை அமைக்கும் தொல்முறை ஒன்று உண்டு. எகிப்தின் இலக்சர் அருகேயுள்ள இராமேசியக் களஞ்சியங்களின் பச்சைக்கல் வளைவுகள் மூவாயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. அசுவான் பகுதிக் கொத்தனார்களிடம் உயிர்ப்புடனிருந்த இம்முறையை ஆசான் பாத்தி (1900–1989) 1940களில் புதிய குர்னா சிற்றூர்க் கட்டுமானத்தில் பயன்படுத்தி உலகறியச் செய்தார். புர்கினா பாசோவில் 2000இல் தொடங்கப்பட்ட நுபிய வளைவுச் சங்கம், மரம் அருகிய சாகேல் நிலப்பகுதியில் சுமார் 3.25 மீட்டர் அகலம் வரை இதனைப் பரப்பி வருகிறது.

இம்முறையில் முதலில் ஒரு முனைச்சுவர் எழுப்பப்படும். அதன்மேல் சாய்ந்தவாறு முதல் வளைவும், அதன்மேல் சாய்ந்தவாறு அடுத்த வளைவுமாகக் கூரை நீளும். வைக்கோல் கலந்த மெல்லிய கல், ஈர மண்சாந்தின் ஒட்டுதலால் சாய்ந்த பரப்பில் வழுவாது நிற்கும். பாத்தி பயன்படுத்திய கல் ஏறத்தாழ 25 × 15 × 5 செ.மீ. அளவினது; எடை 3 கிலோ அளவே. ஒட்டும் பரப்பு மிகுதி, எடை குறைவு என்ற இவ்விகிதமே இம்முறையின் உயிர்நாடி.

மண்மூட்டை இவ்விகிதத்தைத் தலைகீழாக்குகிறது. முதலாவதாக, அதன் எடை கல்லைப்போல் பதின்மூன்று மடங்குக்கும் மேல். இரண்டாவதாக, பாலிபுரொப்பிலீன் வழவழப்பானது. மண்சாந்து அதில் பற்றுவதில்லை. மூன்றாவதாக, மூட்டை இடித்த பின்னரே கட்டுமான அலகாகிறது. இடிக்க வேண்டுமெனில் கீழே உறுதியான தாங்கல் வேண்டும். சாய்ந்த பரப்பில் இடித்தால் அவ்வடியே மூட்டையை நழுவச் செய்யும். ஆகவே நுபிய முறையை மண்மூட்டைக்கு மாற்ற முடிவதில்லை. இரண்டும் மண்ணே; ஆயின் மண் எந்த அலகாக வடிக்கப்படுகிறது என்பதே கூரையின் வடிவத்தை முடிவுசெய்கிறது.

மூட்டையால் கூண்டுக்கூரை அமைக்கும் வழி

குறுகிய கூண்டுக்கூரைகள் மூட்டையால் அமைக்கத்தக்கவையே. குவிமாட வீடுகளின் வாயில் நீட்சிகளும் சன்னல் வளைவுகளும் இவ்வகையின. அதற்கான படிநிலைகள் வருமாறு:

1. வளைவு தொடங்கும் மட்டம் இயன்றவரை தாழ்வாக இருத்தல் வேண்டும். தரையிலிருந்தே வளைவு எழுந்தால் உதைப்பு நேரே அடித்தளத்திற்கும் நிலத்திற்கும் சென்றுவிடும். அறையின் தரையைத் தாழ்த்தி உள்ளுயரத்தைப் பெறலாம்.

2. பலகையாலோ ஒட்டுப்பலகையாலோ ஆன சென்ட்ரிங் சட்டகம், ஆப்புகளின்மேல் நிறுத்தப்பட வேண்டும். பிற்பாடு ஆப்புகளைத் தட்டி எடுத்தால் சட்டகம் அதிர்ச்சியின்றி இறங்கும்.

3. மூட்டைகள் ஆப்பு வடிவில், உட்புறம் குறுகியும் வெளிப்புறம் அகன்றும் அமைய வேண்டும். ஆப்பு வடிவப் பெட்டியினுள் வைத்து இடித்து இவ்வடிவம் பெறப்படுகிறது. சமதடிமனுள்ள மூட்டைகளை வளைத்து வைத்தால் வெளிப்புறத்தில் இடைவெளி விழும், வளைவு இறுகாது.

4. இருபுறமும் சமமாக ஏற்ற வேண்டும். ஒருபுறம் மட்டும் உயர்ந்தால் சட்டகம் கோணும்.

5. உச்சியில் இடப்படும் முடிமூட்டைகளே வளைவை இறுக்குபவை. அவற்றை மேலிருந்து நன்கு இடித்து, பக்கங்களில் போதிய எடை ஏற்றிய பின்னரே சட்டகத்தை நீக்க வேண்டும்.

நிரப்பும் பொருளின் எடையைக் குறைத்தும் உதைப்பைக் குறைக்கலாம். எரிமலைக் கசடுக்கல் கிடைக்குமிடங்களில் அது பயன்படுகிறது. உமி போன்றவை இலேசானவை எனினும் நெகிழ்ந்து அமுங்குவதால் வளைவின் வடிவம் நிலைப்பதில்லை.

மழையும் வெயிலும்

மேல் எகிப்து மழை மிக அரிதான நிலம். எசுபீரியா மொகாவே பாலைவனத்தைச் சார்ந்தது. இந்நிலங்களில் வெற்றிபெற்ற கூரையைப் பருவமழை நாட்டிற்கு அப்படியே கொண்டுவர இயலாது. கூரையில் பத்து விழுக்காடு நீர் ஏறினால், மேற்கண்ட எடுத்துக்காட்டில் மீட்டருக்கு 280 கிலோ எடை கூடும். ஈரம் மிகுந்த களிமண்ணின் வலிமையோ குறையும். எடை கூடுவதும் வலிமை குறைவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதே இதன் இடர். பாலிபுரொப்பிலீன் சாக்கும் நேர்வெயிலில் சில மாதங்களிலேயே நலியத் தொடங்குவதால், கட்டும் காலத்திலேயே மூடாக்கும் முடிந்தவுடன் பூச்சும் கட்டாயமாகின்றன.

மாற்று வழிகள்

நீள்சதுர அறை வேண்டுவோர்க்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, மூட்டைச் சுவரின்மேல் இலேசான கூரை அமைப்பது. நேபாளத்தில் 2015ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மண்மூட்டைக் கட்டடங்கள் நிலைத்து நின்றமை இம்முறையின்பால் கவனத்தை ஈர்த்தது. அங்குப் பரவியது மூட்டைச் சுவரும் தகரம் முதலிய இலேசான கூரையும் இணைந்த அமைப்பே. நிலநடுக்கத்தின்போது கட்டடத்தின் மீதான விசை அதன் எடைக்கேற்ப மிகுவதால், கூரையின் எடைக்குறைவு அங்கு உயிர்காப்பாகிறது.

இரண்டாவது, மூட்டைச் சுவரின்மேல் இணைப்பு வளையம் இட்டு, மண்கல்லால் கூண்டுக்கூரை கட்டுவது. ஆரோவில் மண் நிறுவனம், சிறிதளவு சிமெண்டு சேர்த்து எந்திரத்தில் அழுத்திய மண்கற்களைக் கொண்டு, நுபிய முறையை வளர்த்தெடுத்துச் சட்டகமின்றியே பல அகலங்களில் இத்தகைய கூரைகளைக் கட்டியுள்ளது. கற்களின் அளவொருமையும் மெல்லிய சாந்தும் இதற்குத் துணைசெய்கின்றன. எனவே தமிழகச் சூழலில் மண்ணால் கூண்டுக்கூரை விழைவோர்க்கு அருகிலேயே சான்றும் பயிற்சியும் உள்ளன.

மூன்றாவது, நீள்சதுரத்தையே விடுத்து, பல குவிமாடங்களைக் குறுகிய கூண்டு வழிகளால் இணைப்பது. இது மூட்டையின் இயல்புக்கு மிக இசைவானது. வட்ட அறைகளில் வாழும் பழக்கத்தை மட்டும் அது கோருகிறது.

முடிவுரை

மண்மூட்டைக் குவிமாடத்தைத் தாங்குவன வளைய நெருக்கமும் சுற்றியோடும் முள்கம்பியும் ஆகும். கூண்டுக்கூரையில் இவ்விரண்டும் செயலற்றுப் போகின்றன. 3 மீட்டர் அகலத்திலேயே நீட்டடுக்கு முறை இடைவழியில் நிலைகுலைவதையும், சட்டகத்தின்மேல் கட்டினாலும் உதைப்பு மண்கல் கூரையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காவதையும் கணக்கீடுகள் காட்டுகின்றன. எனவே மூட்டைக் கூண்டுக்கூரையை வாயில்கள், இணைப்பு வழிகள் போன்ற குறுகிய இடங்களுக்கு வரையறுத்துக்கொள்வது தக்கது. இங்குத் தரப்பட்டவை தோராயக் கணக்குகள். கட்ட முனைவோர் மண்ணின் தன்மை, காற்று, நிலநடுக்கம் ஆகியவற்றை உள்ளடக்கிய பொறியியல் ஆய்வை மேற்கொள்ளல் இன்றியமையாதது.

குவிமாடத்தையும் கூண்டுக்கூரையையும் தனித்தனிச் சொற்களால் சுட்டுவது தமிழில் இத்துறை குறித்து எழுதுவோர்க்கு முதற்கடமையாகும். இரண்டையும் ‘வளைவுக்கூரை’ என்று மட்டும் எழுதிவிட்டால், ஒன்றிற்குச் சொல்லப்பட்ட உறுதிப்பாட்டை வாசிப்பவர் மற்றொன்றின்மேல் ஏற்றிக் கட்டிவிடக்கூடும்.